வசந்தத்தில் பைக் மீன் பிடிக்க லேக் ஆஃப் த வுட்ஸ்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மே மாதம் வந்தால் நாங்கள் ஆறேழு பேர் டொராண்டோவிலிருந்து கிளம்பி, ஒன்டாரியோவின் மேற்குக் கோடியில் இருக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரிக்குப் போவோம். திரும்பி வந்து படங்களைக் காட்டியதும் நண்பர்கள், நண்பர்களின் மைத்துனர்கள், கோயிலில் பார்ப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டு, தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஏரியின் ஒன்டாரியோ பகுதிக்கு மட்டும். விதிகள் மாறக்கூடியவை, அதனால் கிளம்பும் முன் அந்த ஆண்டுக்கான ஒன்டாரியோ மீன்பிடி விதிமுறைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பைக்னா என்ன மீன் அண்ணா? நம்ம ஊர் மீன் எதையாவது சொல்லிப் புரிய வைங்களேன்.

பார்க்க சீலா மாதிரி, குணத்தில் விரால் மாதிரி. இரண்டுக்கும் இது உறவில்லை, ஆனால் மனத்தில் உருவம் வர அது போதும். நீண்ட உடல், வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறைய ஊசிப் பற்கள், முதுகுத் துடுப்பு வால் பக்கம் ஒதுங்கியிருக்கும். புல்லுக்குள் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் அம்பு மாதிரி பாயும். முழுப் பெயர் நார்தர்ன் பைக். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றிலும் இயற்கையாகவே இருக்கிற நன்னீர் மீன். லேக் ஆஃப் த வுட்ஸைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்கள் இதைக் கினூஷே என்பார்கள்.

60 செ.மீ. மீன் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு மீட்டரைத் தாண்டினால் அது பெரிய மீன், பெரும்பாலும் பெண் மீன், இந்தக் குளிர்ந்த நீரில் பத்து வயதையும் தாண்டியிருக்கும். தூண்டிலில் பிடித்த உலக சாதனை மீன் 1986-இல் ஜெர்மனியில் கிடைத்தது, எடை ஏறக்குறைய 25 கிலோ.

கோடையில் போனால் என்ன? குளிரில் ஏன் போய் நடுங்கணும்?

கோடையில் பெரிய பைக் ஆழத்துக்குப் போய்விடும். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும், ஆழத்தில் சிஸ்கோ மாதிரி கொழுத்த இரையும் கிடைக்கும். அவ்வளவு பெரிய ஏரியில் அதைத் தேடிப் பிடிப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம்.

வசந்தத்தில் கதை வேறு. ஏரி மீன்களில் பனி உருகிய கையோடு முதலில் முட்டையிடுவது பைக்தான். நீர் 4, 5 டிகிரியைத் தொட்டதுமே ஆழமில்லாத விரிகுடாக்களுக்குள் வந்து, நீரில் மூழ்கிய பழைய புல்லின் மேல் முட்டைகளை ஒட்டிவிடும். கூடு கட்டாது, காவல் இருக்காது. முட்டையிட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அங்கேயே தங்கிப் பசியாறும், ஏனென்றால் சின்ன மீன்கள் எல்லாம் அந்த வெதுவெதுப்பான நீருக்குத்தான் வரும். அதாவது கரையிலிருந்து கல்லெறியும் தூரத்தில், ஒரு ஆள் ஆழ நீரில், ஏரியின் பெரிய மீன்கள் நிற்கும். வருடத்தில் இந்த மூன்று வாரம்தான் புதிதாகப் பிடிப்பவருக்கும் அவை எட்டும்.

சரி, எந்த வாரம் லீவு போடட்டும்?

ஒரே ஒரு வாரம் சொல் என்றால் மே கடைசி வாரம். லேக் ஆஃப் த வுட்ஸில் பனி முழுவதும் விலகுவது சராசரியாக மே தொடக்கத்தில். அதிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து விரிகுடா நீர் 10 முதல் 15 டிகிரி வரை இருக்கும், அதுதான் நல்ல சமயம். 18 டிகிரியைத் தாண்டினால் பெரிய மீன் வெளியேறத் தொடங்கும்.

ஆனால் நாள்காட்டியை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். சில ஆண்டு பனி ஏப்ரலிலேயே போய்விடும். 2022-இல் தாமதமாக உருகியதோடு மழையும் சேர்ந்து ஏரி மட்டம் ஏறி, பல படகுத்துறைகள் நீருக்கடியில் போயின. பதிவு செய்யும்போதே, பனியோ வெள்ளமோ வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வட்டாரத்தில் பைக் ஆண்டு முழுதும் பிடிக்கலாம், ஆனால் வாலாய் (walleye) என்ற இன்னொரு மீனைப் பிடிப்பது ஏப்ரல் 15 முதல் மே மாத மூன்றாம் சனி வரை மூடியிருக்கும். அந்தச் சனி பெரும்பாலும் விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் விழும், கூட்டம் அள்ளும். அதற்கு அடுத்த வாரம் போனால் இரண்டு மீனும் உண்டு, ஏரியும் அமைதியாக இருக்கும்.

அவ்வளவு தூரம் போகணுமா? பக்கத்தில் பைக்கே இல்லையா?

இருக்கிறது. டொராண்டோவிலிருந்து ஒரு நாளில் போய் வரும் ஏரிகளிலும் நல்ல பைக் பிடித்திருக்கிறேன். நான் அங்கே போவது இடத்துக்காக. 14,000-க்கு மேல் தீவுகள், ஒன்டாரியோ, மானிட்டோபா, அமெரிக்காவின் மினசோட்டா மூன்றுக்கும் பொதுவான நீர், ஒவ்வொரு தீவுக்குப் பின்னாலும் ஒரு குட்டி விரிகுடா. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒதுங்கிப் பிடிக்க ஓர் இடம் கிடைக்கும். எல்லை நீருக்குள் ஓடுகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்: ஒன்டாரியோ உரிமம் ஒன்டாரியோ நீருக்குத்தான் செல்லும்.

காரா, விமானமா?

கார் என்றால் சட்பரி, சூ செயின்ட் மேரி, தண்டர் பே வழியாகக் கெனோரா வரை ஏறக்குறைய 1,900 கி.மீ. இரண்டு முழு நாள். சுப்பீரியர் ஏரிக் கரையோரப் பாதை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டியது, ஆனால் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மூஸ் மான் சாலையில் வந்து நின்றால் அதன் கறுப்பு உடல் விளக்கு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் வின்னிபெக்குக்குப் பறந்து, அங்கே கார் எடுங்கள். கெனோராவுக்கு 200 கி.மீ. சுமார்தான். சூ நாரோஸ், நெஸ்டர் ஃபால்ஸ் ஊர்களுக்குக் கெனோரா பக்கத்திலிருந்து 71-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு நெஸ்டர் ஃபால்ஸ் பக்கம் உள்ள சபாஸ்காங் விரிகுடாவைச் சொல்வேன்: ஆழம் குறைவு, கோரை நிறைய, சீக்கிரம் சூடாகும்.

தங்குவதற்கு எதைக் கேட்டுப் பதிவு செய்யணும்?

சமையலறை உள்ள கேபின் கேளுங்கள். மூன்று வேளை சாப்பாட்டோடு தரும் இடங்களும் உண்டு, ஆனால் ஈரக் காற்றில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்து சூடாக ரசம் வைத்துக் குடிக்கிற சுகம் அதில் கிடைக்காது. படகின் நீளம், எஞ்சின் சக்தி, ஆழமும் நீரின் சூடும் காட்டும் கருவி இருக்கிறதா, மீன் வெட்ட வலைக்கதவு போட்ட குடில் உண்டா, உறைபெட்டியில் இடம் தருவார்களா, இவ்வளவையும் போனிலேயே கேளுங்கள்.

கனடாவில் எஞ்சின் படகு ஓட்டத் தகுதிச் சான்று தேவை. அட்டை இல்லாதவர்கள் வாடகைப் படகு எடுக்கும்போது, கொடுப்பவரோடு உட்கார்ந்து பாதுகாப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே சான்று. அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள், இந்த ஏரியில் நீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழே பாறைகள் உண்டு.

உரிமம் யாருக்கெல்லாம் வேணும்?

18 முதல் 64 வயது வரை உள்ள ஒன்டாரியோவாசிகளுக்குக் கட்டாயம். அவுட்டோர்ஸ் கார்டு என்ற அட்டை மூன்று ஆண்டுக்குச் செல்லும், அதனோடு மீன்பிடி உரிமம் சேர்த்து வாங்க வேண்டும். உரிமம் இரண்டு வகை. ஸ்போர்ட் உரிமத்தில் அதிக மீன் வைத்துக்கொள்ளலாம், கன்சர்வேஷன் உரிமம் விலை குறைவு, அளவும் குறைவு. நான் வாங்குவது இரண்டாவது. ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் சாப்பிட அதுவே மிச்சம்.

அப்பா ஊரிலிருந்து வந்திருக்கார், 67 வயசு. அவருக்கு இலவசம்தானே?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். 65 தாண்டியவர்களுக்கான விலக்கு கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு வெளிநாட்டவர் உரிமம் வாங்குங்கள். குறுகிய நாட்களுக்கானதும் உண்டு. கூட்டிப்போக யோசிக்காதீர்கள், படகில் உட்கார்ந்து பிடிக்கிற மீன் இது, நடக்கவோ ஏறவோ வேண்டாம்.

என்ன ராட், என்ன நரம்பு, என்ன ஸ்பூன்? பட்டியல் போட்டுத் தாங்க.

ஏழடி, மீடியம் ஹெவி ராட். 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பு. செயற்கை இரைகளில், கரண்டி வடிவ உலோக இரையான ஸ்பூன் சிவப்பு வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் சிவப்பு வைரக்கட்டம் போட்டது ஒன்று, ஐந்தாம் எண் ஸ்பின்னர் ஒன்று, புல்லில் மாட்டாத ஸ்பூன் ஒன்று, இழுப்பதை நிறுத்தினால் மிதந்து மேலே போகாமல் அப்படியே நிற்கும் ஜெர்க்பெய்ட் ஒன்று. நீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தக் கடைசி ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும்: இழு, நிறுத்து, ஐந்து எண்ணு. பெரும்பாலும் நிற்கும்போதுதான் கடிக்கும்.

ஆனால் கடைக்குப் போனால் முதலில் வாங்க வேண்டியது ஸ்பூன் அல்ல. நீளமூக்குக் குறடு, தூண்டில் முள்ளையே வெட்டும் கட்டர், ரப்பர் பூசிய பெரிய வலை. இவை மூன்றும் இல்லாமல் என் படகில் யாரையும் ஏற்றுவதில்லை. காரணம் கீழே வருகிறது.

50 பவுண்டு நரம்பு இருக்கே, லீடர் எதுக்கு?

எடை தாங்குவது வேறு, பல்லைத் தாங்குவது வேறு. பின்னல் நரம்பு பைக்கின் பல்லில் பட்டால் நூல் மாதிரி அறுந்துபோகும். அறுந்தால் உங்களுக்குப் போவது ஒரு ஸ்பூன், மீனுக்கோ வாயில் மூன்று முள். நரம்புக்கும் இரைக்கும் நடுவே, பல்லில் அறாத ஓரடி நீள எஃகு லீடரோ, 80 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடரோ கட்டாயம் போடுங்கள்.

உயிர் இரை கொண்டுபோகலாமா? இங்கே மலிவாகக் கிடைக்குதே.

கொண்டுபோகாதீர்கள். 2022 முதல் ஒன்டாரியோவை இரை மேலாண்மை வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரை மீனை உயிரோடோ செத்ததோ ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மீந்த இரையை ஏரியில் கொட்டுவதும் குற்றம். வேறிடத்து நோயும் வேற்று மீனும் இப்படித்தான் பரவுகின்றன. செயற்கை இரையோடு போனால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இவ்வளவு பெரிய ஏரியில் எங்கே நிறுத்துவது?

சூட்டைத் தேடுங்கள். ஏரியின் வடகரையில் இருக்கும் விரிகுடாக்கள் தெற்கு வெயிலை நேராக வாங்கி முதலில் சூடாகும். அதிலும் அடி சேறாகக் கறுத்திருந்தால், ஓர் ஓடை வந்து விழுந்தால், போன வருடத்துக் காய்ந்த கோரை நின்றால், அங்கே படகை நிறுத்துங்கள். ஒரு விரிகுடாவுக்கும் பக்கத்து விரிகுடாவுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம்தான் எல்லாம். இரண்டு நாளாக ஒரே திசையில் மென்காற்று அடித்தால், சூடான மேல்நீர் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதோ அந்தக் கோடிக்குப் போங்கள்.

எஞ்சினைத் தூரத்திலேயே அணைத்துவிட்டு, துடுப்பால் மெல்ல உள்ளே நுழையுங்கள். போலராய்டு கண்ணாடி போட்டால் மீன் நிற்பதையே பார்க்கலாம், கட்டை மாதிரி கிடக்கும். உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் விரிகுடாவின் வாயில், 3 மீட்டர் ஆழத்தில், புதுப் புல் முளைக்கும் இடத்தைப் பாருங்கள். நீர் சூடாகச் சூடாக அவை அங்கே நகர்ந்திருக்கும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழணுமா?

வேண்டாம். வசந்தத்தில் இரவு முழுதும் ஆறிய நீர் மதியத்தில்தான் சூடாகும். பத்து மணிக்குக் கிளம்புங்கள், இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உச்சம். பைக் கண்ணால் வேட்டையாடுவது, இருட்டிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

எனக்கு நீச்சல் நல்லாத் தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணுமா?

போட்டே ஆக வேண்டும். படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம், உடம்பில் போட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி ஆராய்ந்து சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அப்போதே தண்ணீரைக் குடித்து மூழ்குவார்கள். அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். நீச்சல் தெரிந்தாலும் கை அசையாவிட்டால் என்ன செய்வது? அந்த 1 மணி நேரத்தை உங்களுக்குத் தருவது ஜாக்கெட்தான். படகில் மதுவும் வேண்டாம்.

கொசு?

கொசுவைவிடக் கருப்பு ஈ. மே கடைசியில் தொடங்கும், காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கடித்து இரத்தம் வரவைக்கும். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, தலைக்கு வலை. ஏரி நடுவில் காற்றில் வராது, கரையில்தான் தொல்லை.

மீன் வந்துடுச்சு. பல்லைப் பார்த்தா பயமா இருக்கு. முள்ளை எப்படி எடுப்பது?

மீனை வலைக்குள், வலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே எடுங்கள். ஒருவர் வலையைப் பிடிக்கட்டும், ஒருவர் குறடு போடட்டும். பத்து விநாடியில் வராத முள்ளைக் கட்டரால் வெட்டிவிடுங்கள், முள் இரண்டு டாலர். படகுக்கு வருமுன்பே முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் குட்டிக் கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்தால் பாதி வேலை மிச்சம், உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வரும்.

படம் எடுக்க வேண்டுமானால் கேமரா தயாரான பிறகு தூக்குங்கள். செவுள் மூடியின் ஓரத்தில் விரலை விட்டு, சிவந்த செவுளைத் தொடாமல், இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கி, கிடையாகப் பிடியுங்கள். முதல் பயணத்தில் ஒரு மீட்டருக்கு மேலான மீன் ஒன்றை நான் தாடையில் தொங்கவிட்டு, எல்லோரும் மாறி மாறிப் படம் எடுத்தோம். தண்ணீரில் விட்டபோது அது நிமிரவில்லை. அரை மணி நேரம் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை. மீன் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்கு ஆபத்து; குறடு, கட்டர், வலை இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று சொன்னது அதனால்தான்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

இந்த ஏரி இருக்கும் 5-ஆம் மீன்வள வட்டாரத்தில் ஸ்போர்ட் உரிமத்துக்கு 4, கன்சர்வேஷனுக்கு 2. 70 முதல் 90 செ.மீ. வரை உள்ளவற்றை வைத்துக்கொள்ளவே கூடாது, 90-க்கு மேல் ஒன்றுதான். இது ஒரு நாளுக்கான எண் மட்டும் அல்ல, வீட்டு உறைபெட்டியில் இருப்பதையும் சேர்த்த மொத்தம்.

90-க்கு மேலான அந்த ஒன்றையும் விட்டுவிடுங்கள் என்பேன். சட்டம் அனுமதிக்கிறதுதான். ஆனால் அது முட்டையிடும் பெரிய தாய், அடுத்த மேயிலும் அதே கோரைக்கு வரும்.

75 செ.மீ. மீன், செவுளில் இரத்தம் கொட்டுது, எப்படியும் செத்துடும். எடுத்துக்கலாமா?

கூடாது. இரத்தம் வந்தாலும் உடனே விட வேண்டும் என்பதுதான் சட்டம். மனசு கேட்காது, தெரியும். இது நடக்காமல் இருக்க ஒரே வழி, மீன் முழுங்கும்வரை விட்டுவைக்காமல் கடித்ததும் சுண்டுவது, மூன்று முள் கொத்துக்குப் பதில் ஒற்றை முள் போடுவது.

பைக்னு நினைச்சுப் பிடிச்சேன், மஸ்கினு சொல்றாங்க. எப்படித் தெரியும்?

இந்த ஏரியில் பைக்கின் உறவு மீனான மஸ்கியும் பெரிதாக உண்டு, அதன் பருவம் ஜூன் மூன்றாம் சனிக்குத்தான் தொடங்கும். கரும்பச்சை உடலில் வெளிர் புள்ளி இருந்தால் பைக். வெளிர் உடலில் கருங்கோடோ கரும்புள்ளியோ இருந்தால் மஸ்கி. வால் நுனி பைக்குக்கு உருண்டை, மஸ்கிக்குக் கூர்மை. சந்தேகம் என்றால் கீழ்த்தாடையின் அடியில் உள்ள குட்டித் துளைகளை எண்ணுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஐந்தோ குறைவோ பைக், ஆறு முதல் ஒன்பது மஸ்கி. மஸ்கி என்றால் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமலே விட்டுவிடுங்கள்.

ஒரே முள்ளாமே, சாப்பிட முடியுமா?

முடியும், சதை வெள்ளை, சேற்று வாடை இல்லை. பக்கவாட்டில் ஓடும் ஒய் வடிவ முள் வரிசைதான் பிரச்சினை. அதைச் சுற்றி வெட்டி, முதுகு, இரண்டு விலா, இரண்டு வால் பக்கம் என்று ஐந்து முள்ளில்லாத துண்டு எடுக்கும் முறையை உங்கள் விடுதிக்காரரிடமே கற்றுக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு குழம்புக்கு நன்றாக நிற்கும். வெட்டத் தெரியவில்லை என்றால் அவித்து உதிர்த்து, முள்ளைப் பொறுக்கி, சுறாப்புட்டு மாதிரி புட்டு செய்யுங்கள். குழந்தைகளுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். மேலே இருக்கும் வழுவழுப்பு உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தால் போகும்.

பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேரும், அதனாலும் 65 செ.மீ.க்குக் கீழே உள்ளவற்றையே சமையுங்கள். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே பட்டியல் போடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு. கெனோராவுக்கு வடக்கே ஓடும் இங்கிலிஷ்–வாபிகூன் ஆற்றில் 1962 முதல் 1970 வரை டிரைடன் ஊர்க் காகித ஆலை வளாகத்திலிருந்து சுமார் 9 டன் பாதரசம் கலந்தது. அந்த ஆற்றோரம் வாழும் கிராஸி நாரோஸ் பூர்வகுடி மக்கள் அதன் பாதிப்பை இன்றும் சுமக்கிறார்கள். அந்த நீரில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம்.

வெட்டிப் பொதி பண்ணி வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

படகில் பிடித்துக்கொண்டே வெட்டக் கூடாது, அதிகாரி அளக்க முடிய வேண்டும். தங்குமிடத்துக்கு வந்து வெட்டலாம். காரில் கொண்டுவரும்போது என்ன மீன், எத்தனை மீன் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அதனால் துண்டுகளில் கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள், மொத்தமாக ஒரே கட்டியாக உறைய வைக்காதீர்கள். மேலே சொன்ன ஐந்து துண்டு முறையில் வெட்டினால் எண்ணிக்கை குழம்பும், ஆகவே நாங்கள் ஒரு மீனுக்கு ஒரு பை என்று தட்டையாகப் பரப்பி உறைய வைத்து, பிடித்தவர் பெயரை மேலே எழுதி ஒட்டிவிடுவோம்.